அயலார் வேதத்தைப் போதித்த காலம்

கிறிஸ்தவ இறையியல் கல்லூரி ஒன்றில், குருப்பட்டத்திற்கு ஆயத்தமாகும் இளைஞர்களுக்கு இஸ்லாமிய சமயத்தைப் போதிப்பது என் உத்தியோகமாக இருந்தது. இப்படி ஓர் உத்தியோகம் உண்டு என்பதே நம் நாட்டில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் ஒரு சாரார், மாற்று மார்க்கத்தைக் கண்டிப்பதற்கு ஆயுதம் தேடவே அது கற்பிக்கப்படுகிறது என்றும், மற்றொரு சாரார், எல்லா மதமும் ஒன்றே என்று சமரசம் பேசிப் பழகவே கற்பிக்கப்படுகிறது என்றும் எண்ணியிருந்தார்கள். என் நோக்கம் இவ்விரண்டும் அன்று. ஒரு முஸ்லிம் நம்புவது இன்னதென்று, அவரே பக்கத்தில் அமர்ந்து கேட்டாலும் ஆட்சேபிக்க இடமில்லாதபடி எடுத்துச் சொல்லக் கிறிஸ்தவ மாணவன் முதலில் பயில வேண்டும். அதைப் பற்றிய தன் அபிப்பிராயத்தை வெளியிடும் உரிமை அதன் பிறகுதான் அவனுக்குப் பிறக்கிறது. இந்தப் பயிற்சியை அளிப்பதற்கே நான் சம்பளம் பெறுகிறேன் என்று கருதி வந்தேன். இன்றைக்கும் அக்கருத்தில் மாறுதல் இல்லை.

இந்த நியதியை எனக்கு அளித்தவை வில்ஃபிரெட் கான்ட்வெல் ஸ்மித் என்னும் கனடா தேசத்து அறிஞரின் எழுத்துக்கள். 1940-களில் லாகூர் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்து பஞ்சாபின் முஸ்லிம்களோடு நெருங்கிப் பழகிய அவர், 1952-ல் மான்ட்ரியால் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய ஆராய்ச்சிக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கியபோது, அங்கே ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் முஸ்லிம்களாகவே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஒரு மதத்தைப் பற்றிப் பிறர் கூறும் எந்தக் கூற்றும், அம்மதத்தை அனுசரிப்பவர்களால் ஒப்புக்கொள்ளப்படத்தக்கதாக இல்லாவிடில் அது செல்லத்தக்கதன்று என்று 1959-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவர் வற்புறுத்தினார். இதற்கு நியாயமான ஆட்சேபங்கள் உண்டு. ஒரே மதத்தாருக்குள்ளேயே பல பட்சங்கள் இருக்கும்போது யாருடைய ஒப்புதலைப் பெறுவது என்பது ஒன்று. சரித்திர ஆராய்ச்சியின் முடிவு பக்தர்களின் சம்மதத்துக்குக் காத்திருக்க முடியுமா என்பது மற்றொன்று. இந்த ஆட்சேபங்களின் வலிமையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும், ஆராய்ச்சியாளனுக்கு அந்த நியதி எவ்வளவு தூரம் பொருந்துமோ, போதகனுக்கு அதைவிடச் சிறந்த நியதி கிடையாது என்பது என் அனுபவம்.

என் மாணவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, கன்னியாகுமரி, இராமநாதபுரம் ஜில்லாக்களின் சபைகளிலிருந்து வந்தவர்கள். முஸ்லிம் வீட்டு நோன்புக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர்களும், பாய் கடையில் கணக்கு எழுதிப் படிப்புக்குப் பணம் சேர்த்தவர்களும் அவர்களில் உண்டு. அப்படியிருந்தும், இயேசுவைப் பற்றி முஸ்லிம்கள் என்ன நம்புகிறார்கள் என்று எழுதச் சொன்னால், அவரை அவர்கள் ஏற்றுக்கொள்வதில்லை என்று ஒரு வரி எழுதித் தாளை நீட்டிவிடுவார்கள். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியாது. ஈசா நபி கன்னி மர்யமிடம் தகப்பனின்றிப் பிறந்தவர் என்பதும், அல்லாஹ்வின் அனுமதி கொண்டு குருடருக்குப் பார்வையளித்து இறந்தோரை எழுப்பியவர் என்பதும், மஸீஹ் என்ற பட்டம் அவருக்கே உரியது என்பதும் குர்ஆனின் போதனை என்பதை அறியும்போதும், அந்த வேதம் முழுவதிலும் இயற்பெயரால் குறிக்கப்படும் ஒரே பெண்மணி மர்யம் அம்மையாரே என்பதை அறியும்போதும், வகுப்பில் ஒரு சலசலப்பு உண்டாகும். இவ்வளவும் ஒப்புக்கொள்கிறவர்கள் மீதியையும் ஒப்புக்கொண்டால் என்ன என்று உடனே ஒருவன் கேட்பான். அந்தக் கேள்வியை வளரவிடாமல் நிறுத்துவது ஆசிரியனின் கடமை என்று நினைக்கிறேன். ஏனெனில், குர்ஆன் ஈசா நபியைக் கூறுவது கிறிஸ்தவக் கொள்கையின் ஒரு பாதியாக அன்று. ஏக இறைவனின் தூதர்களுடைய நீண்ட வரிசையில் அவருக்குரிய இடத்தைக் காட்டும் முழுமையான போதனையாகவே கூறுகிறது. அதைப் பாதிக் கிணறு தாண்டிய கிறிஸ்தவம் என்று எண்ணுகிறவன் இஸ்லாத்தைப் புரிந்துகொள்ளவே தொடங்கவில்லை.

பின்னாளில் எங்கள் வகுப்புக்கு வந்த முஸ்லிம் நண்பர்களிடத்திலும் இதே விதமான குறைபாட்டைக் கண்டிருக்கிறேன். கிறிஸ்தவர்கள் மூன்று தெய்வங்களைத் தொழுகிறவர்கள் என்றும், அம்மூவரில் மரியாளும் ஒருவர் என்றும் அவர்களில் சிலர் உறுதியாக நம்பியிருந்தார்கள். கற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் கூடிப் பேசிய வரலாற்றைப் போதிக்கையில், நான் எப்போதும் நீண்ட நேரம் நிறுத்தி விளக்கியது 1854-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10, 11 தேதிகளில் ஆக்ரா நகரத்தில் நடந்த வாதத்தைத்தான். ஒரு பக்கம், காகஸஸ் மலைநாட்டில் ஊழியம் செய்த காலத்தில் 1829-ல் 'மீஸானுல் ஹக்' என்னும் கண்டன நூலை இயற்றிப் பின்னர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த ஜெர்மானியப் பாதிரியார் கார்ல் காட்லீப் ஃபாண்டர்; அவருக்குத் துணையாக, பிற்காலத்தில் லாகூரின் முதல் அத்தியட்சராகிய தாமஸ் வால்பி ஃபிரெஞ்சு. மறுபக்கம், கைரானா என்னும் ஊரைச் சேர்ந்த மௌலானா ரஹ்மத்துல்லாஹ். அவருக்குத் துணையாக, ஆங்கிலம் கற்ற வைத்தியராகிய டாக்டர் வஜீர் கான். முந்தைய வேதங்கள் ரத்தாகிவிட்டனவா, அவற்றின் வாசகங்களில் திரிபு நேர்ந்ததா, திரித்துவம், முஹம்மது நபியின் தூதுத்துவம், குர்ஆனின் தெய்வீகம் என்று ஐந்து விஷயங்கள் பேசித் தீர்மானிக்கப்பட்டிருந்தும், முதல் இரண்டோடு வாதம் முறிந்துபோயிற்று.

முறிந்த காரணத்தை மாணவர்கள் துருவி ஆராய வேண்டும் என்பது என் விருப்பம். வஜீர் கான் ஐரோப்பாவின் புதிய விவிலிய விமர்சன நூல்களைத் திரட்டி வைத்திருந்தார். வேதாகமப் பிரதிகளுக்கிடையே உள்ள பாட பேதங்களைப் பற்றியும், சில ஆகமங்களை எழுதியவர் யார் என்ற ஐயத்தைப் பற்றியும் கிறிஸ்தவ நாட்டு அறிஞர்களே எழுதியிருந்தவற்றை ரஹ்மத்துல்லாஹ் எடுத்து அடுக்கினார். பல ஆண்டுகளுக்கு முன்பே பாஸெல் நகரத்துக் கல்வியை முடித்துக்கொண்டு கீழ்த்திசைக்கு வந்துவிட்ட ஃபாண்டரோ, தம் தேசத்திலேயே தமக்குப் பின்னால் வளர்ந்துவிட்ட அந்த ஆராய்ச்சியை ஆக்ராவில் ஒரு மௌலானாவின் வாயிலாகக் கேட்கத் தயாராக இருக்கவில்லை. பிரதி எழுதினவர்களின் கைப்பிழைகளால் சில இடங்களில் பேதம் உண்டு, ஆனால் சாரமான உபதேசம் அதனால் கெடவில்லை என்று அவர் சொன்னதை, நூல் திரிந்தது என்பதற்கு அவரே அளித்த ஒப்புதல் என்று எதிர்த்தரப்பார் கொண்டார்கள். இரு தரப்பாரும் தமக்கே வெற்றி என்று அச்சிட்டு வெளியிட்டார்கள். 1857-ன் கலகத்துக்குப் பின் ரஹ்மத்துல்லாஹ் நாட்டை விட்டு மக்காவுக்குச் சென்று, 1864-ல் 'இஜ்ஹாருல் ஹக்' என்னும் பெருநூலை இஸ்தான்புலில் அரபியில் வெளியிட்டார். கிறிஸ்தவத்தை மறுத்து எழுதும் முஸ்லிம் ஆசிரியர்கள் இன்றளவும் அந்த நூலிலிருந்து எடுத்தாள்கிறார்கள்.

இந்தச் சரித்திரத்தைச் சொல்லி முடித்தபின், இவர்களில் யார் எதிராளியின் நூலை அதிகச் சிரத்தையோடு வாசித்திருந்தார்கள் என்று மாணவர்களைக் கேட்பேன். மௌலானாதான் என்று, மனமில்லாமலாவது, பதில் வரும். அடுத்த கேள்வி அதைவிடக் கடினமானது. அவ்வளவு வாசித்தும் அவர் கிறிஸ்தவத்தைப் புரிந்துகொண்டாரா? ஃபாண்டரும் அரபியும் பாரசீகமும் கற்றுக் குர்ஆனை வாசித்தவர்தாமே, அவர் இஸ்லாத்தைப் புரிந்துகொண்டாரா?

இங்கேதான் ஸ்மித்தின் மற்றொரு கருத்தைக் கொண்டுவருவேன். என் ஆசிரியப் பணியில் இதைப் போலப் பயன்பட்டது வேறொன்றில்லை. குர்ஆனுக்கு நேராகக் கிறிஸ்தவர்களிடத்தில் உள்ளது வேதாகமம் அன்று, கிறிஸ்துவே என்பது அக்கருத்து. முஸ்லிம்களின் நம்பிக்கைப்படி இறைவனின் அநாதியான வாக்கு மனிதருக்குக் கிடைத்தது ஒரு வேதமாக. கிறிஸ்தவர்களின் நம்பிக்கைப்படி அந்த வார்த்தை வந்தது ஒரு மனிதராக. அவருக்குச் சாட்சி சொல்வது நான்கு சுவிசேஷங்களின் வேலை. ஆகையால் அவற்றுக்கு நேரானவை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், நபியின் சொல்லையும் செயலையும் அறிவிக்கும் ஹதீஸ்களையே சொல்ல வேண்டும். ஒரே செய்தி நால்வர் வாயிலாக நான்கு விதமாக வருவது சாட்சிகளுக்கு இயல்பு. இறைவனின் நேர்மொழி என்று கொள்ளப்படும் வேதத்துக்கோ அது பெருங்குறை. ஆக்ராவில் இரு தரப்பாரும் அடுத்தவர் வேதத்தைத் தம் வேதத்தின் இலக்கணத்தை வைத்தே அளந்தார்கள். குர்ஆனுக்குரிய தகுதியை வேதாகமத்தில் தேடிக் காணாத மௌலானா அதைக் கெட்டுப்போன நூல் என்றார். கிறிஸ்துவுக்குரிய தகுதியை நபியிடத்தில் தேடிக் காணாத பாதிரியார் அவரைத் தூதரல்லர் என்றார். இந்த விளக்கத்தைக் கேட்டபின், வாதத்தின் அறிக்கைகளை மாணவர்கள் மறுபடி வாசிக்கும் வாசிப்பு வேறாகிவிடும். எவர் பக்கம் வெற்றி என்று கணக்கிடுவதை விட்டு, ஒவ்வொரு கேள்வியும் எந்த நம்பிக்கையிலிருந்து எழுகிறது என்று பார்க்கத் தொடங்குவார்கள்.

வாதம் நடந்த விதமும் அதன் முடிவுக்கு ஒரு காரணம். நூற்றுக்கணக்கானவர் கூடி நிற்க, வெற்றி தோல்வியை எதிர்பார்த்து நகரமே காத்திருக்க, ஆளும் கும்பெனியின் நிழல் ஒரு தரப்பின்மேல் விழுந்திருக்க, அங்கே எவராலும் 'இதை நான் யோசித்துப் பார்க்க வேண்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. ஆனால், எட்டே வருஷங்களுக்குப் பின், அதே வடநாட்டில், ஸர் ஸையத் அஹ்மத் கான் காஜிப்பூரில் அமர்ந்து, ஒரு முஸ்லிம் வேதாகமத்துக்கு எழுதும் வியாக்கியானம் ஒன்றை வெளியிடத் தொடங்கினார். 1862-ல் முதற்பகுதி வெளிவந்த அந்த 'தப்யீனுல் கலாம்', உருதுவும் ஆங்கிலமும் பக்கத்துக்குப் பக்கமாக அச்சிடப்பெற்றது. யூதர்களும் கிறிஸ்தவர்களும் மாற்றியது வேதத்தின் எழுத்தையன்று, அதன் கருத்தையே என்ற பட்சத்தை முற்கால இமாம்களின் ஆதாரம் காட்டி அவர் நிலைநாட்ட முயன்றார். ஆதியாகமத்தின் முதல் பதினோரு அதிகாரங்களையும் மத்தேயுவின் முதல் ஐந்து அதிகாரங்களையும் தாண்டி அந்த நூல் வளராமற்போனது, இரு சமூகங்களுக்கும் நேர்ந்த நஷ்டம் என்றே நான் சொல்வேன். ஆக்ராவின் வாதத்தை அறிந்தவர்கள் பலர். காஜிப்பூரின் வியாக்கியானத்தை அறிந்தவர்கள் மிகச் சிலர்.

ஆக்ரா வாதத்துக்கு நேர்மாறான ஒரு சந்திப்பாக, எட்டாம் நூற்றாண்டின் பாக்தாதை மாணவர்களுக்குக் காட்டுவேன். அப்பாஸிய கலீஃபா அல்மஹ்தியின் சபையில், கீழைச் சிரிய திருச்சபையின் தலைவராகிய முதலாம் திமோத்தேயு, ஏறத்தாழ 781-ல், இரண்டு நாள் கலீஃபாவின் கேள்விகளுக்கு விடையளித்தார். அதைச் சிரியாக் மொழியில் ஒரு கடிதமாக எழுதியும் வைத்தார். இவ்விருவருக்கும் வேறு வகையிலும் பழக்கம் இருந்தது. வாதம் செய்யும் முறையைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதிய 'தோப்பிக்கா' என்னும் நூலை அரபியில் பெயர்த்துத் தரும்படி திமோத்தேயுவையே கலீஃபா கேட்டுக்கொண்டார். அரசன் ஒரு பக்கம், அவனுடைய தயவில் வாழும் குடிகளின் குரு மறுபக்கம் என்பதால், அங்கும் சமநிலை இருந்ததென்று சொல்ல முடியாது. ஆயினும் அந்தக் கடிதத்தை வாசிக்கையில், கேட்பவர் மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்கிறார் என்பதும், சொல்பவர் தம் விசுவாசத்தில் ஒன்றையும் விட்டுக்கொடாமல், கேட்பவரின் மனம் புண்படாதபடியும் சொல்கிறார் என்பதும் புலனாகின்றன. முஹம்மதைப் பற்றி என்ன சொல்கிறீர் என்று கலீஃபா கேட்டபோது, அவர் தீர்க்கதரிசிகளின் பாதையில் நடந்தார், ஏக இறைவனைப் போதித்தார், விக்கிரகங்களை விட்டு மக்களைத் திருப்பினார், ஆகையால் புகழத்தக்கவர் என்று திமோத்தேயு விடையளித்தார். அவரைத் தீர்க்கதரிசி என்று அவர் சொல்லவில்லை. அப்படியானால் அவருடைய வார்த்தையை ஏற்க வேண்டியதுதானே என்று கலீஃபா விடாமல் கேட்டதையும் கடிதத்தில் மறைக்கவில்லை.

முஹம்மதைப் பற்றிய இதே கேள்வி எங்கள் வகுப்பிலும் தவறாமல் எழுந்தது. ஸ்மித்தைப் போலக் கல்லூரியில் பாதி ஆசிரியர்களை முஸ்லிம்களாக நியமிக்க எனக்கு அதிகாரம் இல்லாதபடியால், பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலின் இமாமை, வேலூரில் ஓதிப் பட்டம் பெற்ற முதிய ஆலிம் ஒருவரை, தம் மாணாக்கர் சிலரோடு எங்களுடன் அமர்ந்து வேதம் வாசிக்க அழைத்திருந்தேன். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து அவர்கள் வந்தால் அந்தித் தொழுகையாகிய மஃரிபுக்குள் எழுந்துவிட வேண்டும். அந்த இடைவேளைதான் எங்களுக்குக் கிடைத்த நேரம். முதல் சந்திப்பிலேயே அவர் என் மாணவன் ஒருவனைப் பார்த்து, "ஈசா நபியை நாங்கள் நபி என்று ஏற்று ஸலாம் சொல்கிறோம், தம்பி. எங்கள் நபியை நீங்கள் என்னவென்று சொல்கிறீர்கள்?" என்று அமைதியாகக் கேட்டார். பாக்தாதின் பாடத்தைப் படித்திருந்ததனால் அவன் தடுமாறவில்லை. திமோத்தேயுவின் விடையைச் சொல்லி, "அதற்கு மேல் எங்கள் சபைகள் ஒன்றுபட்டு எதுவும் சொல்லவில்லை, ஹஜ்ரத்" என்றான். அவன் சொன்னது உண்மை. 1965 அக்டோபர் 28-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' என்னும் அறிக்கை, முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்று கூறி, அவர்களுடைய ஏகத்துவம், தொழுகை, நோன்பு, தானம் ஆகியவற்றையும், அவர்கள் இயேசுவையும் மரியாளையும் கனம்பண்ணுவதையும் எடுத்துரைத்தது. ஆனால் முஹம்மது நபியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முஸ்லிம் அறிஞர்கள் இந்த மௌனத்தைச் சுட்டிக்காட்டியது நியாயமே. ஹான்ஸ் கூங் போன்ற கத்தோலிக்க அறிஞர்கள் திருச்சபை அந்த மௌனத்தை விட்டுவிட வேண்டும் என்றே பின்னாளில் எழுதினார்கள்.

கூடி வாசிப்பதற்கு நாங்கள் சில முறைகளை அனுசரித்தோம். பார்வையாளர் ஒருவரையும் அனுமதிப்பதில்லை. பெரியோர் சிலர் விருப்பம் தெரிவித்தும் நான் இணங்கவில்லை. ஒரு ஜமக்காளத்தில் வட்டமாக உட்காரக்கூடிய அளவுக்குத்தான் ஆட்கள். குர்ஆன் பகுதியை முஸ்லிம் ஓதி முஸ்லிமே விளக்க வேண்டும். வேதாகமப் பகுதியைக் கிறிஸ்தவன் வாசித்துக் கிறிஸ்தவனே விளக்க வேண்டும். கேட்கிறவர்கள் அன்றைக்குத் தெளிவுக்காக மட்டும் கேள்வி கேட்கலாம். ஆட்சேபம் இருந்தால் அடுத்த சந்திப்புக்கு எடுத்து வைக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைக் கடைப்பிடிப்பது இளைஞர்களுக்கு மிகவும் சிரமமாக இருந்தது. ஆனால், இடையில் கழிந்த நாட்களில் ஆட்சேபங்களில் பெரும்பகுதி கேள்விகளாக மாறிவிட்டதை நான் திரும்பத் திரும்பக் கண்டேன்.

முதல் நாளில் எங்கள் மாணவர்கள் வழக்கம்போல வேதாகமத்தை ஜமக்காளத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, பென்சிலால் வரிகளின் கீழ் கோடு போட்டார்கள். ஆலிமின் முகம் மாறியது. ஒளு செய்து, ரைஹால் பலகையை விரித்து, அதன்மேல் குர்ஆனை வைத்து ஓதிப் பழகிய அவருக்கு, தாம் இன்ஜீல் என்று மதிக்கும் ஒரு வேதம் தரையில் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "வேதத்தில் கோடு போடலாமா, ஐயா?" என்று என்னைக் கேட்டார். கோடு போடுவது அலட்சியத்தால் அன்று, வாசகம் மனத்தில் தைத்த இடத்தைக் குறித்துவைக்கும் வழக்கம் என்று நான் விளக்கினேன். அவர் ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது; அடுத்த சந்திப்பிலிருந்து வேதாகமத்துக்கும் ரைஹால் பலகைகள் வாங்கி வைத்தேன். பென்சில்களை மாணவர்கள் தாங்களாகவே நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். வேதம் என்பது இரு சமூகங்களிலும் எவ்வாறு வெவ்வேறு வஸ்துவாக இருக்கிறது என்று ஸ்மித்தைக் கொண்டு நான் போதித்ததையெல்லாம்விட, அந்த மாலை அவர்களுக்கு அதிகம் போதித்திருக்கும்.

மர்யம் அத்தியாயத்தையும் லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்த மாலைகள் மிகச் சிறந்தவை. மர்யம் அம்மையார் தனித்து ஓரிடம் போய், பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தின் அடியை நாடி, இதற்கு முன்பே மரித்திருக்கலாகாதா என்று அரற்றியதையும், கவலைப்படாதே, உன் கீழே நீரோடை இருக்கிறது, மரத்தைப் பிடித்துக் குலுக்கு, கனி உதிரும் என்று குரல் கேட்டதையும் ஆலிம் ஓதி, அப்துல் ஹமீது பாகவியின் தமிழாக்கத்தை ஒட்டி விளக்கினார். கனியை அனுப்புகிறவன் அதை மடியிலேயே போட்டிருக்கலாமே, வேதனைப்படுகிறவளை மரத்தைக் குலுக்கச் சொல்வானேன் என்று ஒரு மாணவன் கேட்டான். "அருள் அவனுடையது, தம்பி, கையை நீட்ட வேண்டியது நாம். குர்ஆனுக்கு உரை எழுதிய முஃபஸ்ஸிர்கள் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். பின்பு அவர், லூக்காவில் பிரசவ வேதனை சொல்லப்படவில்லையா என்று கேட்டார். இல்லை என்றார்கள். வலியோரை ஆசனங்களிலிருந்து தள்ளித் தாழ்ந்தோரை உயர்த்துகிறவர் என்று மரியாள் இறைவனைத் துதிக்கும் பாட்டை வாசித்தபோது, அவர் கையை உயர்த்தி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அவர் வேதத்தில் மர்யம் பேசாமல் நோன்பிருக்க, தொட்டில் குழந்தை பேசுகிறது. எங்கள் வேதத்தில் குழந்தை மௌனமாயிருக்க, தாய் பாடுகிறாள். இதை அன்று கவனித்துச் சொன்னவன், அதுவரை வகுப்பில் வாய் திறவாதிருந்த ஒரு மாணவன்.

இருபதாம் நூற்றாண்டு அறிஞர்களில் லூயி மாசிஞோனையும் கென்னத் கிராகையும் நான் விரிவாகவே போதித்தேன். சூஃபி ஞானி ஹல்லாஜைப் பற்றிய ஆராய்ச்சியில் ஆயுளைச் செலவிட்ட மாசிஞோனின் பக்தி பெரிது. ஆனால் இஸ்லாத்தின் நடுத்தெருவில் வாழும் சாதாரணத் தொழுகையாளியை அவர் எழுத்துக்களில் காண்பது அரிது என்பது என் எண்ணம். கிராக் 1956-ல் எழுதிய 'மினாராவின் அழைப்பு' என்னும் பொருள்படும் நூல், பாங்கின் ஒவ்வொரு வாசகத்தையும் கிறிஸ்தவன் நின்று கேட்க வேண்டிய விதத்தைக் காட்டுவதனால், குருமாராகப் போகிறவர்களுக்கு அதுவே ஏற்றது. 2007 அக்டோபர் 13-ல் முஸ்லிம் அறிஞர்கள் 138 பேர் கையொப்பமிட்டுக் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு அனுப்பிய 'பொதுவான ஒரு வார்த்தை' என்னும் மடலை, இறையன்பும் பிறரன்பும் இரு வேதங்களுக்கும் பொதுவான அஸ்திவாரம் என்று அவர்களே முன்வந்து சொன்னதற்காகக் கொண்டாடினேன். அதுவரை அழைப்பு விடுத்து வந்தது பெரும்பாலும் கிறிஸ்தவர் தரப்பே. இந்த முறை அழைப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

சிலுவையைப் பற்றிய குர்ஆன் வசனத்தை மட்டும் நான் எப்போதும் வருஷக் கடைசிக்கே ஒதுக்கி வைத்தேன். ஈசா நபியை அவர்கள் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை என்று நான்காம் அத்தியாயத்தின் 157-ஆம் வசனம் கூறுகிறது. பழைய விரிவுரையாளர்களில் பலர், வேறொருவன்மேல் அவருடைய சாயல் போடப்பட்டு அவன் அறையப்பட்டான் என்று பொருள் கொண்டார்கள். லெபனானில் ஷியா குடும்பத்தில் பிறந்து கண்பார்வையை இழந்தவராகிய மஹ்மூத் அய்யூப், அந்த விரிவுரைகளை வரிசையாக ஆராய்ந்து, வசனம் மறுப்பது ஒரு சரித்திர நிகழ்ச்சியை என்பதைவிட, இறைவனின் வார்த்தையை மனிதர் தம் கையால் அழித்துவிட முடியும் என்ற இறுமாப்பையே என்று கருதினார். எகிப்திய வைத்தியரான முஹம்மத் காமில் ஹுசைன் 1954-ல் வெளியிட்ட 'கர்யா ஜாலிமா' என்னும் நாவல், அந்த வெள்ளிக்கிழமையில் எருசலேமில் இருந்த யூதர், ரோமர், சீடர் ஆகியோரின் மனச்சாட்சி எவ்வாறு கூட்டத்தின் விருப்பத்துக்கு இரையாயிற்று என்பதை விவரிக்கிறது. அறையப்பட்டவர் யார் என்ற இடத்தில் மட்டும் ஆசிரியர் தம் வேதத்துக்கு மாறாக எதுவும் சொல்வதில்லை. கிராக் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

இந்த வசனத்தை வாசித்த மாலையில் ஆலிம், தம் நபியொருவரை அல்லாஹ் எதிரிகளின் கையில் விட்டுவிடவில்லை என்று தாம் நம்புவதில் கிறிஸ்தவர்களுக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். நாகர்கோவிலிலிருந்து வந்த மாணவன், "வருத்தமில்லை ஹஜ்ரத், எங்கள் ஊரில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டுக்கு நான் ஜெபிக்கப் போகும்போது, இறைவன் அவர்களைக் காப்பாற்றினார் என்று சொல்ல எனக்கு இயலாது, அவரும் அந்தத் துன்பத்தில் இறங்கினார் என்றுதான் சொல்ல முடியும்" என்றான். ஆலிம் நெடுநேரம் அவனோடு பேசினார். இறைவனுக்குத் துன்பம் உண்டென்பதைத் தம்மால் மனத்தாலும் எண்ண முடியாது என்றார்; பொறுமையாளரோடு அவன் இருக்கிறான் என்று தம் வேதம் சொல்வதை அவனுக்கு விளக்கினார். புறப்படும்போது, நான் சொன்ன அந்த நாவலின் அரபி மூலம் கிடைக்குமா என்று கேட்டு வாங்கிச் சென்றார்.

அதைப் படித்துவிட்டு அவர் கொண்டுவந்த ஆட்சேபங்கள், எங்களுக்கு அவர் எந்நாளும் சொன்னவற்றைவிட அதிகமாயிருந்தன. மனச்சாட்சியைப் பற்றி வைத்தியர் அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் குர்ஆன் தெளிவாகச் சொன்னதை அவரும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டாமா, இது என்ன நழுவல் என்றார். அதே நூலை ஆங்கிலத்தில் படித்திருந்த நாகர்கோவில் மாணவனும் அதே இடத்தில்தான் குறைகண்டிருந்தான்: அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டுச் சிலுவைக்கருகில் போகாமல் திரும்பிவிட்டார் என்பது அவன் வழக்கு. அன்று மஃரிபுக்கு நேரமாகும்வரை, ஒரு முஸ்லிம் ஆலிமும் ஒரு கிறிஸ்தவ மாணவனும், எதிரெதிரான காரணங்களுக்காக, ஓர் எகிப்திய ஆசிரியரின்மேல் ஒரே குறையைச் சாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்சேபங்களை அடுத்த சந்திப்புக்கு எடுத்து வைக்க வேண்டும் என்ற விதியை அன்று எவரும் நினைவுகூரவில்லை; நானும் நினைவூட்டவில்லை.